டிரெய்லருக்குக் கொக்கி வாங்குமுன்: முன்பாரத்தைக் கணக்கிட்டு இழுப்பது எப்படி

பிசான அறுவடை நெருங்கிவிட்டால் அம்பாசமுத்திரத்திலிருந்து சேரன்மகாதேவி வரைக்கும் வெல்டிங் பட்டறைகளில் டிரெய்லர் வேலை குவிந்துவிடும். தரைத்தகடு மாற்றுவார்கள், பக்கக் கதவுக்குக் கீல் வைப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், டயர் பார்ப்பார்கள், சிலர் பின்னால் பெரிய எழுத்தில் குலதெய்வத்தின் பெயரும் எழுதி வாங்குவார்கள். கொக்கியைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. "அதான் இருக்கே, மாட்டிட்டுப் போகலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். ஐந்து டன் பாரத்தை டிராக்டரோடு சேர்த்துப் பிடித்திருப்பது அந்த ஒரு வளையமும் அதற்குள் சொருகும் ஒரு இரும்புப் பின்னும்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இப்படி விட மனம் வராது.

"எந்தக் கொக்கி நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: உங்கள் டிரெய்லர் லோடோடு நிற்கும்போது கொக்கியின் மேல் எத்தனை கிலோ அமுக்குகிறது? இந்த எண் தெரியாமல் கொக்கி வாங்குவது இடுப்பளவு தெரியாமல் பேன்ட் எடுப்பதைப் போன்றது. விலை, கம்பெனி, கனம் எல்லாம் அப்புறம் வரும்.

முன்பாரம் என்பது என்ன

மாட்டுவண்டி ஓட்டிய தலைமுறைக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. மூட்டை முன்னால் கூடினால் முன்பாரம், நுகத்தடி மாட்டுக் கழுத்தை அமுக்கும். பின்னால் கூடினால் பின்பாரம், நுகம் மேலே எழும்பிக் கழுத்துக் கயிறு மாட்டை நெரிக்கும். வண்டிக்காரர் மூட்டைகளை ஏற்றி முடித்ததும் ஏர்க்காலைக் கையால் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றிரண்டு மூட்டையை இடம் மாற்றுவார், அதற்கப்புறம்தான் மாட்டைப் பூட்டுவார். ரெண்டு டயர் டிரெய்லரிலும் நடப்பது அதேதான், டன் கணக்கில் நடப்பதால் கையால் தூக்கிப் பார்க்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கணக்கு சுலபம். டிரெய்லரின் மொத்த எடையை, அந்த எடையின் மையம் ஆக்சிலுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அந்தத் தூரத்தால் பெருக்கி, ஆக்சிலுக்கும் கொக்கி வளையத்துக்கும் இடைப்பட்ட தூரத்தால் வகுத்தால் வருவதுதான் முன்பாரம். டிரெய்லரும் சரக்கும் சேர்ந்து 5 டன், ஆக்சிலிலிருந்து வளையம் 3 மீட்டர், எடையின் மையம் ஆக்சிலுக்கு 54 சென்டிமீட்டர் முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5000 பெருக்கல் 0.54, வகுத்தல் 3. விடை 900 கிலோ. கிட்டத்தட்ட ஒரு டன் டிராக்டரின் பின்புறத்தில் தொங்குகிறது.

இந்த 900 கிலோ பின் ஆக்சிலுக்கு நேர் மேலே விழுந்தால் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் கொக்கி பின் ஆக்சிலுக்குப் பின்னால் தள்ளி இருக்கிறது. அதனால் பின்னால் அமுக்கும்போதே முன்னால் தூக்குகிறது. கொக்கி ஆக்சிலிலிருந்து 70 சென்டிமீட்டர் பின்னால், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் 2 மீட்டர் என்றால், முன்சக்கரங்கள் இழக்கும் எடை 900 பெருக்கல் 0.7 வகுத்தல் 2, அதாவது 315 கிலோ. டிராக்டரின் எடை 2000 கிலோ, அதில் 800 கிலோ முன்னால் இருந்தது என்றால் மிஞ்சுவது 485.

சமதரையில் நிற்கும்போது கிடைக்கிற கணக்கு இது. இப்போது கன்னடியன் கால்வாய்க் கரையில் வயலிலிருந்து மேலே ஏறுகிறீர்கள். 500 கிலோ இழுவிசை, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்துக் கொக்கியில் பின்னோக்கிப் பிடித்து இழுத்தால் முன்னால் இன்னும் 125 கிலோ போய்விடும். மிச்சம் 360. ஏற்றத்தில் டிராக்டரின் சொந்த எடையும் பின்னால் சாய்வதால் அதுவும் இன்னும் குறையும். டிராக்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் நிற்க வேண்டும் என்பது பொதுவாக எல்லா இடத்திலும் ஒப்புக்கொண்ட அளவு. நம் உதாரணத்தில் அது 400 கிலோ. அதற்குக் கீழே போனால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் சக்கரம் மண்ணைச் சுரண்டிக்கொண்டு நேரேதான் போகும், வளைவில் வாய்க்காலுக்குள் இறங்கிவிடும். கிளட்சைச் சட்டென்று விட்டால் முன்பக்கம் எழும்பிவிடும்.

சரி, இதற்கு என்ன செய்யலாம்? அந்த 5 டன்னில் சரக்கு மட்டும் 4 டன் என்றால், அதை 25 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண் அளவுக்குக் கொஞ்சம் கூடப் பின்னால் தள்ளி அடுக்கினால் முன்பாரத்தில் 333 கிலோ குறைகிறது. 900 என்பது 567 ஆகிறது. முன்சக்கரத்தில் 600 கிலோ நிற்கிறது. ஒரு பைசா செலவில்லை. இவ்வளவு கணக்கை முதலிலேயே சொன்னதற்குக் காரணம், கொக்கியில் பணம் போடுவதற்கு முன்னால் அடுக்கும் இடத்தைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அதற்காக ஒரேயடியாகப் பின்னால் தள்ளிவிடாதீர்கள். முன்பாரம் இல்லாத டிரெய்லர் ரோட்டில் பாம்பு மாதிரி நெளியும். பின்பாரம் ஆகிவிட்டால் டிராக்டரின் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிமானத்தைக் குறைக்கும், மேல்பக்கம் திறந்திருக்கும் கொக்கியாக இருந்தால் வளையம் எகிறிக் கழன்றுவிடவும் செய்யும். கொஞ்சம் முன்பாரம் எப்போதும் வேண்டும். சேற்றில் பின்சக்கரத்துக்குப் பிடிப்பு தருவதே அந்த முன்பாரம்தான்.

எடைமேடையில் அளப்பது

மையம் எங்கே இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் அரிசி ஆலை, மார்க்கெட், குவாரி என்று எடைமேடைக்குப் பஞ்சமில்லை. வழக்கமாக ஏற்றும் லோடோடு போங்கள். முதலில் டிராக்டர் மட்டும் மேடை மேல் ஏறி நிற்கட்டும், டிரெய்லரின் சக்கரங்கள் மேடைக்கு வெளியே இருக்கட்டும், கழற்ற வேண்டாம். இந்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் டிரெய்லரை வெளியே சமதரையில் முட்டுக் கொடுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்துக் கழற்றிவிட்டு டிராக்டரை மட்டும் எடை போடுங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் முன்பாரம். இதேபோல முன்சக்கரம் இரண்டை மட்டும் மேடையில் ஏற்றி, டிரெய்லர் மாட்டியபடி ஒருமுறை, கழற்றியபின் ஒருமுறை பார்த்தால் முன்னால் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

மேடையும் அதன் இருபக்கத் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு தப்பும். எடை போடுகிற தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, வண்டி வரிசை இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள்.

இந்த எண்ணை டிராக்டரோடு வந்த கையேட்டில் கொக்கிமேல் அனுமதிக்கப்பட்ட எடை என்று போட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். கையேடு தொலைந்துபோயிருந்தால் ஷோரூமில் உங்கள் மாடலுக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணைத் தாண்டினால் எவ்வளவு கனமான கொக்கி மாட்டினாலும் பயனில்லை, அது பிடித்திருக்கும் டிராக்டரின் பின்கூடுதான் உடையும்.

சரக்குக்குச் சரக்கு வேறு

நெல் மூட்டையில் பெரிய சிக்கல் இல்லை, ஒரே கனம், அடுக்கினால் நகராது. கொள்முதல் நிலையத்துக்குப் போகிற 40 கிலோ மூட்டை நூறு என்றால் 4 டன் என்று கணக்கும் கையிலேயே இருக்கும். ஆக்சிலுக்கு மேலே முதலில் அடுக்கி, அங்கிருந்து முன்னும் பின்னும் வளர்த்துக்கொண்டு போங்கள். முன்பலகையை ஒட்டி அடுக்க ஆரம்பித்துப் பின்னால் வருவதுதான் வழக்கம், முழு லோடு இல்லாத நாளில் அந்த வழக்கம்தான் முன்பாரத்தை ஏற்றிவிடுகிறது.

எம்.சாண்டும் ஜல்லியும் வேறு மாதிரி. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி, அதுவே 4 முதல் 4.5 டன் வரை வரும், மழையில் நனைந்திருந்தால் இன்னும் கூடும். பெட்டி பார்க்கப் பாதி நிரம்பியது போலத்தான் இருக்கும், ஆக்சில் அதற்குள் முழுப் பாரத்தையும் வாங்கியிருக்கும். பக்கப் பலகையின் உயரத்தைப் பார்த்து மணல் ஏற்றாதீர்கள், கிலோவைப் பார்த்து ஏற்றுங்கள். ஜே.சி.பி. கொட்டும்போது முன்னால் குவியலாகக் கொட்டிவிட்டால் இரண்டு பேர் மண்வெட்டியால் நிரவிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

களக்காடு, ஏர்வாடிப் பக்கம் ஏத்தன் வாழைத்தார் ஏற்றுகிறவர்களுக்கு எடையைவிட இறக்குகிற வரிசைதான் முக்கியம். மார்க்கெட்டில் முன்பக்கத் தார்களை முதலில் இறக்கிவிட்டால் பின்னால் மட்டும் பாரம் நிற்கும். அந்த நேரத்தில் யாராவது பின்னைக் கழற்றினால் வளையம் விருட்டென்று மேலே எழும்பும், எதிரில் நிற்பவரின் தாடையில் அடிக்கும். பின்னாலிருந்து இறக்குங்கள், இறக்கி முடிகிற வரைக்கும் டிராக்டரைக் கழற்றாதீர்கள். டிப்பர் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும், பெட்டி தூக்கும்போது சரக்கு முழுவதும் பின்னால் வழுகிப் போகிறது, முன்பாரம் மறைந்து பின்பாரம் ஆகிறது. சமதரையில், பின்கதவைத் திறந்துவிட்டு, மாட்டியபடியேதான் தூக்க வேண்டும்.

தண்ணீர் டேங்கர்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. கோடையில் ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் டிராக்டர் டேங்கர் ஓடாத தெருவே இல்லை. 5000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டும் 5 டன். முழுசாக நிரப்பினால் பாரம் அதிகம், ஆனால் அசையாது. ஒரு தெருவில் பாதி விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போகும்போதுதான் ஆபத்து: பிரேக் பிடித்தால் மொத்தத் தண்ணீரும் முன்னால் பாய்ந்து கொக்கியை அமுக்கித் தள்ளும், வேகம் எடுத்தால் பின்னால் போய்க் கொக்கியைத் தூக்கும். உள்ளே தடுப்புத் தகடுகள் இருக்கிற டேங்கர்தான் வாங்க வேண்டும். தடுப்பு இல்லாமல் விலை குறைவாகக் கிடைக்கிறது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வைக்கோலுக்குக் கனம் குறைவு, உயரம் அதிகம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றைப் பணகுடி, காவல்கிணறு பக்கத்துக்காரர்கள் அறிவார்கள். காற்றாலைகளை அங்கே வரிசையாக நட்டிருப்பதே அந்தக் காற்றை நம்பித்தான். நாலுவழிச்சாலையில் பக்கக் காற்று அடிக்கும்போது உயரமான வைக்கோல் லோடு பாய்மரம் ஆகிவிடும். அந்த மாதங்களில் லோடு உயரத்தைக் குறையுங்கள், காலையில் காற்று ஓய்ந்திருக்கும்போது போய்விடுங்கள்.

எந்தக் கொக்கி

முதலில் உங்கள் டிரெய்லர் ரெண்டு டயரா, நாலு டயரா என்பதைப் பார்க்க வேண்டும். நாலு டயரில் முன் ஆக்சில் பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது, கொக்கியில் விழுவது இழுவைக் கம்பியின் சொந்த எடை மட்டும்தான். அதனால் நீண்ட ரோட்டு ஓட்டத்துக்கு, சங்கரன்கோவிலுக்கோ வள்ளியூருக்கோ தினமும் போய்வருபவர்களுக்கு நாலு டயர் நல்லது. ஆனால் அது டிராக்டரின் பின்சக்கரத்துக்குப் பிடிப்பு எதுவும் தராது, சேற்றில் சுற்றும், ரிவர்ஸ் எடுப்பதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். வயலில் இறங்கி ஏறுகிற வேலை அதிகம் என்றால் ரெண்டு டயர்தான், அங்கேதான் கொக்கித் தேர்வு முக்கியமாகிறது.

கல்டிவேட்டர் மாட்டுகிற இரண்டு கைகளுக்கும் நடுவே துளை போட்ட பட்டையைச் சொருகி அதில் டிரெய்லரை மாட்டுகிறவர்களை நம் பக்கத்தில் நிறையப் பார்க்கலாம். காலி நாலு டயர் டிரெய்லரை வயலுக்குள் நகர்த்த அது போதும். முன்பாரம் உள்ள ரெண்டு டயர் லோடுக்கு அது கூடவே கூடாது. பாரம் முழுவதும் ஹைட்ராலிக் கைகளில் தொங்கும், பக்கவாட்டில் ஆடும், தெரியாமல் லீவரில் கைபட்டால் கைகள் எழும்பி இழுக்கிற புள்ளியே உயர்ந்துவிடும்.

டிராக்டர் வயிற்றுக்கு அடியிலிருந்து பின்னால் நீண்டு வருகிற இழுவைத் தண்டு தாழ்வாக இருப்பதால் இழுப்பதற்கு நல்லது, முன்பக்கம் எழும்பாது. ஆனால் அது பின்னால் அதிகம் நீண்டிருப்பதால் மேலிருந்து அமுக்கும் பாரத்தை அதிகம் தாங்காது, எவ்வளவு நீட்டி வைக்கிறீர்களோ அவ்வளவுக்குத் தாங்கும் எடை குறையும். நாலு டயருக்கு என் தேர்வு இதுதான்.

பின்கூட்டில் போல்ட் போட்டு முறுக்கிய, மேலும் கீழுமாக இரண்டு தகடு, நடுவில் பின் என்று இருக்கிற வாய்க்கொக்கிதான் நம் ஊர் ரெண்டு டயர் டிரெய்லர்களுக்குப் பெரும்பாலும் பயன்படுவது. நல்லதுதான், உயரத்தைச் சரியாக வைத்தால். பலவற்றில் ஏணிப்படி போல மேலும் கீழும் துளைகள் இருக்கும், டிரெய்லர் தரை மட்டமாக அல்லது மிகச் சிறிது முன்தாழ்வாக நிற்கிற துளையைத் தேர்ந்தெடுங்கள். மேலே மாட்டினால் டிரெய்லர் பின்னால் சாயும், சரக்கும் பின்னால் சாயும். பின்சக்கர ஆக்சிலின் நடு மட்டத்துக்கு மேலே மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மாட்டக் கூடாது. டாப் லிங்க் (கருவிகளை மேலே பிடிக்கும் கம்பி) மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டி இழுப்பதும் இதே தவறுதான். உயரத்தில் பிடித்து இழுத்தால் டிராக்டர் பின்சக்கரத்தையே அச்சாக வைத்து முன்பக்கம் எழும்பிப் பின்னால் கவிழும், டிரைவர் கிளட்சை மிதிக்க நேரம் இருக்காது.

பி.டி.ஓ. தண்டுக்கு, அதாவது இன்ஜின் சுழற்சியைக் கருவிகளுக்குக் கொடுக்கும் பின்பக்கத் தண்டுக்குக் கீழே, ஆக்சிலை ஒட்டி, ஹைட்ராலிக் கையால் இறங்கி வளையத்தைத் தானே தூக்கிப் பூட்டிக்கொள்ளும் கொக்கி ஒரு வகை. அதிக முன்பாரம் உள்ள பெரிய டிரெய்லருக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்பேன். காரணம் அந்த 70 சென்டிமீட்டர்தான்: கொக்கி ஆக்சிலுக்கு 35 சென்டிமீட்டர் பின்னால் வந்துவிட்டால், அதே 900 கிலோ முன்சக்கரத்திலிருந்து தூக்குவது 158 கிலோ மட்டும். இன்னொரு நன்மை, மாட்டும்போது டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவே ஆள் நிற்க வேண்டியதில்லை. வளையமும் அதற்கேற்ற அளவில் இருக்க வேண்டும், உங்கள் மாடலுக்குக் கம்பெனி தருகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பட்டறையில் பார்த்துச் செய்து தருகிறேன் என்றால் இதில் மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

முன்னால் எடை வைப்பது

முன்பாரத்தைச் சரிசெய்தும் முன்சக்கரம் இலேசாகவே இருக்கிறது என்றால் அடுத்த வழி முன் எடைக்கற்கள். முன் ஆக்சிலுக்கு 80 சென்டிமீட்டர் முன்னால் 100 கிலோ மாட்டினால் முன்சக்கரத்தில் 140 கிலோ கூடும்; நீண்டு நிற்பதால் கிடைக்கிற லாபம் அது. கம்பெனி எடைக்கல்லையே மாட்டுங்கள். கருங்கல்லைக் கயிற்றால் கட்டுவது, மணல் மூட்டையைப் பானட்டில் போடுவது எல்லாம் ரோட்டில் விழுந்து இன்னொருவர் உயிரை எடுக்கும். ஆளை முன்னால் உட்கார வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஸ்பிரிங் கம்பி வைத்த கொக்கி நமக்கு வேண்டுமா

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்கிறார்கள், கொக்கியிலிருந்து பின்னால் இரண்டு கம்பிகள் போய் டிரெய்லரின் சட்டத்தில் சங்கிலியால் இழுத்துக் கட்டியிருக்கிறதே, அது நம் டிராக்டருக்கு வருமா என்று. அது எடையைப் பங்கிடும் கொக்கி. அந்தக் கம்பிகள் ஸ்பிரிங்காக வேலை செய்து, இழுக்கும் வண்டியின் பின்புறத்தை மேல்நோக்கி நெம்புகின்றன; அதனால் பின் ஆக்சிலில் விழுந்த பாரத்தில் ஒரு பகுதி வண்டியின் முன்சக்கரத்துக்கும், ஒரு பகுதி டிரெய்லரின் ஆக்சிலுக்கும் போகிறது. காரும் பிக்கப்பும் ரோட்டில் கேரவன் இழுப்பதற்காகச் செய்தது.

டிராக்டருக்கு அது வேண்டாம். வரப்பில் ஏறும்போது டிராக்டர் ஒரு பக்கம் சாயும், டிரெய்லர் இன்னொரு பக்கம் சாயும். கொக்கி எல்லாத் திசையிலும் தாராளமாகத் திரும்ப வேண்டிய இடத்தில் கம்பியை இறுக்கிக் கட்டினால் கம்பியோ சட்டமோ முறியும். டிராக்டருக்குப் பின்னால் தொய்வதற்கு ஸ்பிரிங்கும் கிடையாது. நமக்கு எடைக்கல்லும் சரியான அடுக்கும்தான்.

ஜீப்பிலோ பிக்கப்பிலோ ஜெனரேட்டர், படகு, கேரவன் என்று இழுக்க நினைப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தும். வண்டிக் கையேட்டில் இழுக்கும் திறனும் கொக்கிமேல் எடையும் எழுதியிருக்கிறதா, இந்த வகைக் கொக்கிக்கு அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் அதோடு நிறுத்திவிடுங்கள். பம்பரில் இருக்கிற மீட்பு வளையம் சேற்றில் மாட்டிய வண்டியை இழுக்கத்தான், டிரெய்லர் மாட்ட அல்ல. இந்த மாதிரி ரோட்டு டிரெய்லருக்கு முன்பாரம் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 1500 கிலோ டிரெய்லர், 12 சதவீதம் என்றால் 180 கிலோ. வண்டியின் பின் ஆக்சிலுக்குப் பின்னால் வைத்திருக்கிற சாமான் 60 கிலோ என்றால் அதையும் கூட்டுங்கள், 240. கம்பிகளின் தாங்குதிறன் பவுண்டில்தான் போட்டிருப்பார்கள், 240 கிலோ என்பது சுமார் 530 பவுண்டு, ஆகவே 600 பவுண்டுக் கம்பி. கூடுதலாக இருக்கட்டுமே என்று 1200 வாங்கினால் அது வளையாது, ஒவ்வொரு பள்ளத்திலும் சட்டத்தை இடிக்கும்.

இந்த வண்டிகளில் வளையத்துக்குப் பதிலாக ஒரு குண்டின் மேல் டிரெய்லரின் கிண்ணம் உட்காரும், அந்தக் கொக்கிக் குண்டின் அளவிலும் கவனம் வேண்டும். அமெரிக்க 2 இஞ்ச் குண்டு 50.8 மில்லிமீட்டர், ஐரோப்பியக் குண்டு 50 மில்லிமீட்டர். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், 2 இஞ்சுக்கான கிண்ணத்தை 50 மில்லிமீட்டர் குண்டில் மாட்டினால் தளர்வாக நின்று குதிக்கும். டிரெய்லர் தள்ளும்போது தானே பிடிக்கிற வகைப் பிரேக் இருந்தால், அதோடு இந்தக் கொக்கி ஒத்துப்போகுமா என்று செய்தவர்களிடம் கேட்க வேண்டும், எல்லாம் ஒத்துப்போகாது. மாட்டும்போது முன்சக்கர வளைவின் உயரத்தை டேப் வைத்து மூன்று தடவை அளங்கள்: டிரெய்லர் இல்லாமல், டிரெய்லர் மாட்டிக் கம்பி மாட்டாமல், கம்பியும் மாட்டி. முன்பக்கம் எழும்பிய அளவில் பாதியாவது திரும்ப இறங்க வேண்டும், சரியான அளவு கையேட்டில் இருக்கும். பழைய உயரத்துக்கும் கீழே போகிற அளவுக்கு இறுக்கினால் பின்சக்கரப் பிடிப்பு போய்விடும். பின்பாரமாக அடுக்கிய டிரெய்லரின் நெளிவை இந்தக் கொக்கி சரிசெய்யாது, வண்டியின் அனுமதிக்கப்பட்ட எடையையும் இது கூட்டாது.

பின், வளையம், சங்கிலி

சாதாரண விஷயம் என்று நினைத்துத் தவறுவது இங்கேதான். கட்டடக் கம்பியை வெட்டி, தலையை வளைத்து, பின்னாகச் சொருகிக்கொண்டு 5 டன் இழுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கம்பி அதற்காகச் செய்ததல்ல, ஒருநாள் அறுந்துவிடும். டிரெய்லர் பின் என்றே கேட்டு வாங்குங்கள், அடியில் பூட்டுக் கிளிப் போடுகிற துளை இருக்க வேண்டும். கிளிப் இல்லாத பின் வேகத்தடையில் எகிறி வெளியே வந்துவிடும், நம் ஊர்த் தெருவுக்குத் தெரு வேகத்தடை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பின் வளையத்துக்குள் தொளதொளவென்று ஆடினால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் சம்மட்டி அடிதான், வளையம் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், அதன் மேலேயே வெல்டிங் பூசி ஒப்பேற்ற வேண்டாம். பிராக்கெட் போல்ட்டின் தலையில் அதன் வலுவைக் காட்டும் எண் 8.8 அல்லது அதற்கு மேல் அடித்திருக்கிறதா என்று பாருங்கள். வெல்டிங் ஓரத்தில் மெல்லிய துருக்கோடு தெரிந்தால் உள்ளே விரிசல் விழுந்திருக்கலாம், துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம். வளைவில் இழுபடாத நீளம், தரையில் உரசாத உயரம். டிராக்டரில் அதைப் பின் இருக்கும் அதே துளையில் மாட்டாமல் வேறு உறுதியான இடத்தில் மாட்டுங்கள், பின் போனால் சங்கிலியாவது நிற்க வேண்டும்.

ரோட்டில்

டிரெய்லரில் பெரும்பாலும் பிரேக் கிடையாது, நிறுத்துவது டிராக்டர் மட்டும்தான். இடது வலது பிரேக் பெடல்களை இணைக்கிற தாழ்ப்பாளை ரோட்டுக்கு ஏறுமுன் போட்டுவிட வேண்டும், வயலில் கழற்றியதை மறந்து ஒரு பக்கம் மட்டும் மிதித்தால் டிரெய்லர் தள்ளி டிராக்டரை மடக்கிவிடும். பாபநாசம் பக்கத்து இறக்கங்களில், ஏறும்போது எந்தக் கியர் வேண்டியிருந்ததோ அதே கியரில்தான் இறங்க வேண்டும், டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது கூடாது. பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் ஒட்டுங்கள், இரவில் விளக்கில்லாத டிரெய்லரில் பைக் மோதுவது நம் ரோடுகளில் புதிதல்ல. கோயில் கொடைக்கோ கல்யாணத்துக்கோ டிரெய்லரில் ஆட்களை ஏற்றாதீர்கள். மனிதர்கள் நிற்கிற பாரம், ஒரே பக்கம் சாய்கிற பாரம், எந்தக் கொக்கியும் அதைச் சமாளிக்காது, வாய்க்காலில் கவிழ்ந்தால் மீட்பதற்கும் வழி இருக்காது. டிரெய்லருக்கும் தனியாக ஆர்.சி., இன்சூரன்ஸ் வேண்டும், ஆர்.சி.யில் எழுதியிருக்கிற மொத்த எடைதான் உங்கள் எல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆவது பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும் கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கு 2,000 ரூபாயும் அபராதம்.

புதிதாகக் கொக்கி மாட்டியிருந்தால் முதல் லோடு இறக்கியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி ஸ்பேனர் போட்டு இறுக்கிப் பாருங்கள், பெயின்ட் படிந்த தகடுகள் பாரம் பட்டதும் அமுங்கி முதல் ஓட்டத்திலேயே தளரும். கொஞ்ச நாள் கழித்து இன்னொரு முறை பார்த்துவிட்டால், அப்புறம் ஆயில் மாற்றும்போதெல்லாம் பார்த்தால் போதும்.